அயல்நாட்டிலிருந்து திரும்புவோரும் முகவரிச் சிக்கலும்

நமது கல்லூரிக்குச் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து வந்து பயிலும் மாணவர்களில் பலருக்குத் தந்தை என்பவர், இரண்டாண்டுக்கு ஒருமுறை இரண்டு மாத விடுப்பில் வந்து, பெட்டியைத் திறந்து சாமான்களைப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு, மீண்டும் விமானம் ஏறும் ஒருவரே ஆவார். வளைகுடா நாட்டுக்குப் போவது எப்படி, எந்த ஏஜெண்டிடம் எவ்வளவு கட்ட வேண்டும், மருத்துவச் சோதனை எங்கே என்பனவற்றையெல்லாம் எங்கள் ஊர் டீக்கடையில் அமர்ந்திருப்பவர் எவரும் சொல்லிவிடுவர். அங்கிருந்து ஒரேயடியாகத் திரும்பி வந்தபின் முதலில் எந்த அலுவலகத்தின் படியேற வேண்டும் என்று கேட்டால், அதே டீக்கடையில் ஒருவரும் வாய் திறப்பதில்லை.

இயற்பியல் இரண்டாமாண்டு மாணவனாகிய எனக்கு இப்பொருளில் எழுத என்ன தகுதி என்று பேராசிரியப் பெருமக்கள் வினவலாம். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே வீட்டுக்கு வரும் எல்லாக் காகிதங்களும் என் கைக்கே வருகின்றன. கடந்த மூன்றாண்டுகளில் நான் எழுதிய ஆய்வகப் பதிவேடுகளைவிட எழுதிய மனுக்கள் அதிகம். அந்த அனுபவத்தையும், பின்னர் சட்ட நூல்களைப் புரட்டி அறிந்தவற்றையும் தோழர்கள் முன் வைக்கிறேன்.

என் தந்தை 2009ஆம் ஆண்டு சவூதி அரேபியாவின் தம்மாம் நகருக்குக் கம்பி கட்டும் வேலைக்குச் சென்றார். அப்போது எனக்கு நான்கு வயது. பதினான்கு ஆண்டுகள் கழித்து, 2023 மார்ச்சில், முதுகுத் தண்டில் வட்டு விலகி, குனிய இயலாத நிலையில் ‘கேன்சலில்’ வந்தார். விசாவை முடித்துக்கொண்டு இனி திரும்பாதபடி வருவதை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். “அவர் லீவில் வந்திருக்கிறாரா, கேன்சலில் வந்திருக்கிறாரா?” என்று கேட்டு, விடையைப் பொறுத்தே கடனும் கொடுப்பார்கள்.

எங்களுக்குச் சொந்த வீடு இல்லை. அத்தையின் திருமணக் கடனுக்காகப் பூர்விக வீட்டில் தம் பங்கைப் பெரியப்பாவுக்கு 2015லேயே அப்பா எழுதிக் கொடுத்துவிட்டார். அம்மாவும் நானும் தங்கையும் அதன்பின் அவ்வீட்டின் ஓர் அறையில் இருந்தோம். அப்பத்தா இருந்தவரை அது எங்களுக்குக் குறையாகத் தெரியவில்லை. 2021இல் அவர் மறைந்தபின் தெரிந்தது. அப்பா வந்து சேர்ந்ததும், மருத்துவமனைக்கும் அருகாக இருக்கட்டும் என்று நகரத்தில் வாடகை வீடு பார்ப்பதென முடிவாயிற்று.

வாடகை வீடு

நகரத்தில் வீடு தேடும்போது எங்கள் தந்தைக்கு ‘சவூதிக்காரர்’ என்ற பட்டம் வந்து ஒட்டிக்கொண்டது. தரகர் ஒருவர், “கையில் பணம் இருக்குமே, ஒத்திக்கே எடுத்துவிடுங்கள், மாத வாடகைத் தொல்லை இல்லை” என்றார். ஒத்தி என்பது நம் பக்கத்தார் அறிந்ததே. மூன்று இலட்சமோ நான்கு இலட்சமோ மொத்தமாகக் கொடுத்துவிட்டு, வாடகையின்றிக் குடியிருந்து, காலி செய்யும்போது பணத்தைத் திரும்பப் பெறுவது. அப்பாவுக்கு அதில் ஆசை உண்டாயிற்று. பணம் வெளியே போகாமல் நிற்கிறதல்லவா என்றார். ஆனால் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 59ஆம் பிரிவின்படி, நூறு ரூபாய்க்கு மேற்பட்ட கடனுக்காகச் செய்யப்படும் அடமானம், மூலப்பத்திரத்தை ஒப்படைத்துச் செய்வது நீங்கலாக, பதிவு செய்யப்பட்ட பத்திரத்தின் மூலமே நடைபெற வேண்டும். தரகர் காட்டிய ஒத்தியோ வெள்ளைத் தாளில் இரு சாட்சிகளோடு முடிவது. வீட்டுக்காரர் நல்லவராயிருக்கும்வரை பணம் நிற்கும். அவருடைய மகன்கள் பாகம் பிரிக்கத் தொடங்கினால் நம் பணம் எந்தப் பாகத்தில் சேரும்? சட்டமெல்லாம் அறியாத அம்மா இந்த ஒரு கேள்வியைக் கேட்டே ஒத்தி யோசனையை முடித்துவைத்தார்.

கடைசியில் மாதம் 4,500 ரூபாய் வாடகைக்கு ஒரு மாடிப் பகுதி கிடைத்தது. வீட்டுக்கார அம்மாள் கேட்ட முன்பணம் 50,000. பக்கத்துப் பகுதியில் அதே வாடகைக்கு இருந்த ஆசிரியர் கொடுத்திருந்தது 20,000. தமிழ்நாடு நில உரிமையாளர் – வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம் 2017இல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்குமுன் நகரங்களில் 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தது. புதிய சட்டத்தின்படி முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படக் கூடாது. ஆனால், ‘இருவரும் வேறுவிதமாக ஒப்புக்கொண்டாலன்றி’ என்ற ஒரு வாசகமும் அதில் இருக்கிறது. வீடு வேண்டி நிற்பவன் எதைத்தான் ஒப்புக்கொள்ள மாட்டான்! நாங்கள் 40,000க்கு ஒப்புக்கொண்டோம். எங்கள் வாடகையில் மூன்று மாதம் என்றால் 13,500 மட்டுமே.

அதே சட்டம், வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்றும், அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்றும் கூறுகிறது. வீட்டுக்கார அம்மாளோ எழுத்து என்றதுமே முகம் சுளித்தார். எழுதினால் வீட்டுவரி ஏறிவிடும் என்பது அவருடைய அச்சம். மிகவும் வற்புறுத்தியபின் இருபது ரூபாய் முத்திரைத்தாளில் பதினொரு மாத ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திட்டார். அது ஏன் பதினொரு மாதம் என்று நான் அப்போது வியந்தேன். 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைகளைக் கட்டாயம் பதிய வேண்டும் என்கிறது. அந்தச் செலவையும் அலைச்சலையும் தவிர்க்கவே நாடு முழுவதும் பதினொரு மாதம் என்ற வழக்கம் வேரூன்றியது. இந்தியாவில் வாடகைக்குக் குடியிருப்போர்க்கு ஆண்டு என்பது பதினொரு மாதம்தான் போலும்.

மின்கட்டணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரத்தை அரசு இலவசமாக வழங்குகிறது. மீட்டர் வீட்டுக்காரர் பெயரில் இருப்பதால் அந்த நூறு அவருக்குச் சேர்கிறது. நாங்கள் முதல் யூனிட்டிலிருந்தே எட்டு ரூபாய் கொடுக்கிறோம். இதைப் பற்றி நான் ஒருமுறை பேசப்போய், அப்பா என் கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டார்.

அட்டையின் சுற்று

இனி, இக்கட்டுரையின் மையமான பொருளுக்கு வருகிறேன்.

அப்பாவின் முதுகுக்கு அறுவை செய்ய வேண்டும் என்று தனியார் மருத்துவர் கூறினார். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் செய்துகொள்ளலாம் என்றும் சொன்னார். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மிகாதோர்க்கு உரிய திட்டம் அது. அதற்குக் குடும்ப அட்டையும் வருமானச் சான்றும் வேண்டும். நோயாளியின் பெயர் அட்டையில் இருக்க வேண்டும். எங்கள் பெயர்கள் இருந்தது பெரியப்பா வீட்டு அட்டையில். அதில் அம்மா, நான், தங்கை மூவரும் உண்டு. அப்பா இல்லை. 2017இல் பழைய அட்டைகள் மின்னணு அட்டைகளாக மாறியபோது ஒவ்வொருவருடைய ஆதார் எண்ணையும் கேட்டார்கள். அப்பாவுக்கு ஆதார் இல்லை. ஆகவே பெயரும் ஏறவில்லை.

அவருக்கு ஏன் ஆதார் இல்லை? ஆதார் எடுக்கும் வேலை நாட்டில் தொடங்கியது 2010இல். அவர் போனது 2009இல். 2016ஆம் ஆண்டு ஆதார்ச் சட்டம், பதிவு செய்யும் நாளுக்கு முந்திய பன்னிரண்டு மாதங்களில் 182 நாள் இந்தியாவில் இருந்தவரையே ‘குடியிருப்பவர்’ என்கிறது. இரண்டு மாத விடுப்பில் வருபவருக்கு 182 நாள் எங்கிருந்து வரும்?

2023 ஏப்ரலில் பதிவு மையத்துக்குச் சென்றோம். அங்கிருந்தவர் கடவுச்சீட்டிலிருந்த வருகை முத்திரையைப் பார்த்துவிட்டு, “இன்னும் ஆறு மாதம் கழித்து வாருங்கள் அண்ணே” என்று மரியாதையாகவே சொன்னார். நாங்களும் மரியாதையாகவே திரும்பி வந்து ஆறு மாதம் காத்திருந்தோம். இந்தியக் கடவுச்சீட்டுடன் வரும் வெளிநாடுவாழ் இந்தியருக்கு இந்த 182 நாள் காத்திருப்பு தேவையில்லை என்று 2019ஆம் ஆண்டிலேயே விதி தளர்த்தப்பட்டிருந்தது. அதை நான் அறிந்தது கல்லூரியில் சேர்ந்தபின், 2024இல். நான்காண்டுகளுக்கு முன்பே திறந்துவிட்ட கதவுக்கு வெளியே ஆறு மாதம் நின்றோம். அந்த மையத்தில் இருந்தவரை நான் குறை கூறவில்லை. அவரும் எங்களைப் போல ஒரு சம்பளக்காரர். ஆனால் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கலாம்.

இதற்கிடையே புதிய வீட்டு முகவரிக்குத் தனிக் குடும்ப அட்டை பெற முயன்றோம். அதற்கு அம்மாவின் ஆதாரில் முகவரி மாற வேண்டும். முகவரி மாற்றச் சான்று கேட்டார்கள். வாடகை ஒப்பந்தத்தைக் காட்டினோம். பதிவு செய்யாத ஒப்பந்தம் செல்லாது என்றார்கள். சமையல் எரிவாயு இணைப்புப் புத்தகம் இருக்கிறதா என்றார்கள். இணைப்புப் பெறச் சென்றால் அங்கும் முகவரிச் சான்று கேட்டார்கள். முகவரிச் சான்று கேட்காமல் கிடைப்பது ஐந்து கிலோ சிறிய சிலிண்டர் ஒன்றுதான். அதில்தான் நான்கு மாதம் சமைத்தோம். மின்கட்டண அட்டையோ வீட்டுக்கார அம்மாள் பெயரில்.

இயற்பியல் மாணவனாகையால் இதை நான் ஒரு மின்சுற்றாகவே தாளில் வரைந்து பார்த்தேன். அட்டைக்கு ஆதார், ஆதாருக்கு முகவரி, முகவரிக்கு ஒப்பந்தம் அல்லது எரிவாயு, எரிவாயுவுக்கு மீண்டும் முகவரி. சுற்று ஒழுங்காக மூடியிருக்கிறது. ஆனால் எங்கேயும் மின்கலம் இல்லை. வெளியிலிருந்து ஏதேனும் ஒன்று நுழைந்தாலன்றி இதில் எதுவும் ஓடாது.

வெளியிலிருந்து நுழைந்தவர் எங்கள் வார்டு கவுன்சிலர். நகர்மன்ற உறுப்பினர், வட்டாட்சியர் போன்றோர் உரிய படிவத்தில் கையொப்பமிட்டுத் தரும் சான்று ஆதார் முகவரிக்குச் செல்லும் என்பதைப் பக்கத்துப் பகுதி ஆசிரியர் சொல்லித் தெரிந்துகொண்டோம். கவுன்சிலர் எங்களை அமரவைத்து, “எந்த வீட்டு மாடி?” என்றார். சொன்னோம். தெருமுனைக் கடைக்காரரைக் கூப்பிட்டு, “இவர்களைத் தெரியுமா?” என்றார். கடைக்காரர் அம்மாவைப் பார்த்து, “தெரியும், காலையில் பால் வாங்குவார்கள்” என்றார். அப்பாவைப் பார்த்து, “இவரைத் தெரியாது” என்றார். அம்மாவின் படிவத்தில் கையெழுத்து விழுந்தது.

அன்று இரவு அப்பா சாப்பிடவில்லை. பதினான்கு ஆண்டு அனுப்பிய பணத்தில் தின்ற சோறு எங்கள் உடலில் இருக்கிறது, ஆனால் அவரைத் தெரிந்தவர் தெருவில் ஒருவருமில்லை. மறுநாள் முதல், முதுகு வலியோடு, பால் வாங்க அவரே போகத் தொடங்கினார்.

அடுத்து, பெரியப்பா அட்டையிலிருந்து எங்கள் மூவர் பெயரையும் நீக்க வேண்டியிருந்தது. பெயர் குறைந்தால் அரிசி குறையும். பெரியம்மாவுக்கு அது வருத்தம். அவர் பக்கத்திலும் நியாயம் இருந்தது. அத்தனை ஆண்டு ஓர் அறையை எங்களுக்கு விட்டிருந்தவர் அவர்தானே. 2023 செப்டம்பர் 15இல் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியபோதும் ஓர் அட்டைக்கு ஒரு பெண் என்பது விதியாயிருந்ததால், பெரியம்மா அதைப் பெற்றார், அம்மா பெறவில்லை. அம்மா அதைப் பற்றி இன்றுவரை ஒரு சொல் பேசியதில்லை. பெயர் நீக்கத்துக்குப் பெரியப்பா வந்து சம்மதம் கொடுத்தார். பின் புதிய அட்டைக்கு விண்ணப்பித்தோம். தனிச் சமையல் நடக்கிறதா என்று பார்க்க அலுவலர் வந்து அடுப்பைப் பார்த்துச் சென்றார். அப்பாவின் ஆதார் 2024 ஜனவரியில் வந்தது. நால்வர் பெயரும் கொண்ட அட்டை கையில் கிடைத்தது 2024 ஜூனில். அவர் ஊர் வந்து பதினைந்து மாதம் ஆகியிருந்தது.

அறுவை என்னவாயிற்று என்று கேட்பீர்கள். அட்டைக்காகக் காத்திருந்தால் அப்பா படுத்த படுக்கையாகியிருப்பார். 2023 நவம்பரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், காப்பீடு எதுவும் இல்லாமலே, கட்டணமின்றி அறுவை நடந்தது. அங்கே எங்களிடம் முகவரி கேட்டார்கள். வாயால் சொன்னதை எழுதிக்கொண்டார்கள். முதலிலேயே அங்கே போயிருக்க வேண்டும் என்பது எங்கள் அறியாமை. சவூதிக்காரர் தனியாரிடம்தான் போவார் என்று உறவினர் சொல்ல, நாங்களும் நம்பிவிட்டோம்.

வருமானச் சான்றிலும் இந்தப் பட்டம் எங்களை விடவில்லை. விசாரணைக்கு வந்தவர் ‘வெளிநாட்டில் பணி’ என்று எழுதப் போனார். கடவுச்சீட்டில் இறுதி வெளியேற்ற முத்திரையைக் காட்டியபின்தான் நிறுத்தினார். திரும்பி வருவோர் அந்த முத்திரை உள்ள பக்கத்தைப் பல நகல்கள் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. கையில் வேலை இல்லை என்பதற்கு அதைவிட நல்ல சான்று எங்களிடம் இருக்கவில்லை.

இங்கிலாந்திலும் இதே கதை

இதையெல்லாம் நம் நாட்டு அலுவலகங்களின் தனிக் குறை என்றே எண்ணியிருந்தேன். சட்டக் கல்லூரியில் பயிலும் என் பள்ளித் தோழன் ஒருவன் வேறொன்றைக் காட்டினான். இங்கிலாந்தில் 1994 ஆகஸ்டு 1 முதல், அரசின் வாழ்க்கை உதவித் தொகை கோருவோர் அந்நாட்டில் ‘வழக்கமாகக் குடியிருப்பவர்’ என்று காட்ட வேண்டும் என ஒரு சோதனை வந்தது. அயல்நாட்டாரைத் தடுக்கவே வந்த சோதனை, வெளிநாட்டில் வேலை செய்துவிட்டு வீடு திரும்பிய பிரிட்டிஷ் குடிமக்களையும் பிடித்துக்கொண்டது. ஸ்வாட்லிங் என்பவர் பிரான்சில் பல ஆண்டு உழைத்துவிட்டு 1995 ஜனவரியில் திரும்பி, தம் சகோதரர் வீட்டில் தங்கி, உதவி கோரினார். கொஞ்ச காலம் இங்கே இருந்து காட்டிய பிறகு வா என்றார்கள். அவர் வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம்வரை சென்றது. 1999 பிப்ரவரி 25இல், திரும்பி வந்து நிலையாகத் தங்கும் எண்ணம் தெளிவாக இருக்கையில், இத்தனை நாள் குடியிருந்திருக்க வேண்டும் என்பதையே தனி நிபந்தனையாக்கி மறுக்க முடியாது என்று அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு ஐரோப்பியச் சமூகத்து நாடுகளுக்கிடையே வேலைக்குச் சென்று திரும்புவோருக்கான விதியை ஒட்டியது. உலகின் பிற பகுதிகளிலிருந்து திரும்பியவருக்கு அது பொருந்தவில்லை. அதே 1999இல் அந்நாட்டுப் பிரபுக்கள் சபை, வேறொரு வழக்கில், குறிப்பிடத்தக்க ஒரு காலம் குடியிருந்தே தீர வேண்டும் என்றது.

வாடகையிலும் அங்கே சட்டம் உண்டு. 2014ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தின்படி, 2016 பிப்ரவரி முதல் இங்கிலாந்து முழுவதும் வீட்டு உரிமையாளர் ஒருவரைக் குடிவைக்குமுன் அவருக்கு அந்நாட்டில் தங்கும் உரிமை உண்டா என்று பார்க்க வேண்டும். ஆனால் குடிமகனுக்குக் கடவுச்சீட்டு ஒன்றே போதும். இந்த ஓர் இடத்தில் அவர்கள் முறை எனக்குப் பிடித்தது. அரசு கொடுத்த கடவுச்சீட்டை வைத்துக்கொண்டு எத்தனையோ நாட்டுக்குள் நுழையலாம். நம் ஊரில் ஒரு சிலிண்டர் வாங்க முடியவில்லை.

அரசு அழைத்தவரும் தாமாக வந்தவரும்

நம் மாநிலத்துக்கு அயல்நாட்டிலிருந்து திரும்புவோர் புதியவர் அல்லர். பர்மாவில் 1962இல் இராணுவ ஆட்சி வந்து, கடைகளும் தொழில்களும் நாட்டுடைமையானபோது ஆயிரக்கணக்கானோர் கப்பலேறி வந்தனர். 1964 அக்டோபர் 30இல் ஏற்பட்ட சாஸ்திரி – சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்திலிருந்து 5,25,000 பேரை இந்தியா ஏற்க இசைந்தது. அவர்கள் புறப்படும் முன்பே இலங்கையிலேயே ‘குடும்ப அட்டை’ ஒன்று கொடுக்கப்பட்டது. மண்டபம் முகாமில் இறங்கும்போது அதைக் காட்டி, கடனோ வேலையோ பெற வேண்டும். அவர்களுக்கென நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் 1968இல் தொடங்கப்பட்டன. ரெப்கோ வங்கி 1969இல் பிறந்தது. இதெல்லாம் குறைவற நடந்தது என்று நான் சொல்ல வரவில்லை. கடன் தொகை கரைந்து, நீலகிரியிலும் கொடைக்கானலிலும் கூலிகளாய் அலைந்தோர் பலர். ஆயினும் கப்பலிலிருந்து இறங்கியவர் கையில், ‘இவர் வந்திருக்கிறார்’ என்று சொல்லும் தாள் ஒன்று இருந்தது. மின்சுற்றில் நான் தேடிய மின்கலம் அதுதான்.

1990இல் ஈராக் குவைத்தைப் பிடித்தபோதும் அப்படியே. ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியரை விமானங்களில் அழைத்து வந்தார்கள். பின்னர் ஐக்கிய நாடுகள் சபை 1991இல் அமைத்த இழப்பீட்டு ஆணையம், அந்நாடுகளை விட்டு வெளியேறியதற்காகவே தனி நபருக்கு 2,500 டாலர், குடும்பத்துக்கு 5,000 டாலர் என்று நிலையான தொகை வைத்து வழங்கியது.

தாமாகப் போய்த் தாமாக வருவோர்க்கு இத்தகைய தாள் எதுவும் இல்லை. மைய அரசு 2012இல் மகாத்மா காந்தி பிரவாசி சுரக்ஷா யோஜனா என்ற ஒரு திட்டம் தொடங்கியது. வெளிநாட்டுத் தொழிலாளரின் முதுமைக்கும், திரும்பி வந்து குடியமர்வதற்கும் சேமிப்பு, அதில் அரசின் பங்கு என்று நல்ல ஏற்பாடுதான். சேர்ந்தோர் மிகக் குறைவு என்று 2017இல் மூடிவிட்டார்கள். அப்பா அப்பெயரையே கேள்விப்பட்டதில்லை. அவருடன் தங்கியிருந்த எண்மரில் ஒருவரும் கேட்டதில்லையாம். கேரளத்தில் 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நல வாரியம் இருக்கிறது. திரும்பி வந்துவிட்டவர்களும் சந்தா கட்டிச் சேர்ந்து, அறுபது வயதில் ஓய்வூதியம் பெறலாம். திரும்பியோர் தொழில் தொடங்க, 30 இலட்சம் வரையிலான திட்டத்துக்கு 15 விழுக்காடு மானியம் தரும் ஏற்பாடும் உண்டு. தமிழ்நாட்டிலும் 2011இல் வெளிநாடுவாழ் தமிழர் நலச் சட்டம் வந்தது. அதன் வாரியம் செயற்படத் தொடங்க மேலும் பத்தாண்டு பிடித்தது.

தவறிய கணக்கு

முகவரிச் சிக்கலில் மூழ்கிக் கிடந்த அந்தப் பதினைந்து மாதத்தில் வேறொன்று கைநழுவிப் போனது. இதை எழுதுவது எனக்கு எளிதாக இல்லை.

சவூதித் தொழிலாளர் சட்டத்தின் 84ஆம் பிரிவின்படி, வேலை முடிந்து போகிறவருக்கு முதல் ஐந்தாண்டுக்கு ஆண்டுக்கு அரை மாத ஊதியமும், அதற்குப் பிந்திய ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு மாத ஊதியமும் கொடுக்க வேண்டும். பத்தாண்டு வேலை செய்தவர் தாமே விலகினாலும் முழுத் தொகையும் உண்டு. அப்பாவின் ஊதியம் 1,500 ரியால். பதினான்கு ஆண்டுக்கு இரண்டரையும் ஒன்பதும் சேர்ந்து பதினொன்றரை மாத ஊதியம், 17,250 ரியால். அவருக்குக் கொடுத்தது 3,750. கடைசி ஐந்தாண்டுக்கு மட்டும் கணக்கிட்டிருந்தார்கள். 2018இல் நிறுவனம் கை மாறியது, பழைய கணக்கு எங்களுக்குத் தெரியாது என்றார்களாம். உரிமை கை மாறினாலும் தொழிலாளியின் பணி தொடர்ந்ததாகவே கருதப்படும் என்று அதே சட்டத்தின் 18ஆம் பிரிவு கூறுகிறது. அரபியில் எழுதிய ஒரு தாளில், எல்லாம் பெற்றுக்கொண்டேன் என்று அப்பா கையெழுத்திட்டிருக்கிறார். அப்படித்தான் எழுதியிருக்கிறது என்பதே பின்னர் ஒருவரைப் படிக்கச் சொல்லித் தெரிந்தது.

இந்தக் கணக்கை நான் போட்டுப் பார்த்தது 2024 ஜூலையில், முதலாண்டில் சேர்ந்த புதிதில், நமது கல்லூரி நூலகத்தில். போட்டு முடித்து மகிழ்ச்சியில் 234ஆம் பிரிவைப் படித்தேன். வேலை உறவு முடிந்து பன்னிரண்டு மாதத்துக்குள் வழக்குத் தொடர வேண்டும். நீதிமன்றம் ஏற்கத்தக்க காரணம் இருந்தால், அல்லது எதிர்த்தரப்பு ஒப்புக்கொண்டால் மட்டுமே விலக்கு. மார்ச்சோடு காலம் முடிந்திருந்தது. ஆதாருக்காகக் காத்திருந்த ஆறு மாதத்தில் யாரேனும் ஒருவர் இதைச் சொல்லியிருந்தால் என்று அன்று முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பாவிடம் ஒரு வாரம் சொல்லவில்லை. சொன்னபோது, “போனது போகட்டும், நீ பரீட்சையைப் பார்” என்றார்.

ஆயினும் அறுவைச் சிகிச்சைச் சான்றுகளைக் காரணமாக இணைத்து, அயல்நாடுவாழ் இந்தியர் குறைகளுக்கென 2015இல் வெளியுறவு அமைச்சகம் தொடங்கிய ‘மதத்’ தளத்தில் மனு பதிவு செய்திருக்கிறேன். தூதரகத்துக்கு அனுப்பப்பட்டது என்பதுவரை பதில் வந்திருக்கிறது. தொடர்ந்து நினைவூட்டுகிறேன்.

இப்போது அப்பா நகரில் ஒரு கட்டடப் பொருள் கடையில் கணக்குப் பார்க்கிறார். உட்கார்ந்து செய்யும் வேலை. தெருமுனைக் கடைக்காரருக்கு அவரைத் தெரியும். மூன்றாவது பதினொரு மாத ஒப்பந்தம் முடியப்போகிறது. வீட்டுக்கார அம்மாள் வாடகையில் ஐந்நூறு ஏற்றிக் கேட்கிறார். இம்முறை ஏற்றினாலும் பரவாயில்லை, வாடகை அதிகாரியிடம் பதிந்துவிட வேண்டும் என்று அப்பா பிடிவாதமாக இருக்கிறார். அம்மாவுக்கோ, அதனால் வீடே போய்விடுமோ என்று பயம்.

நம் கல்லூரித் தோழர்களில் எவருடைய தந்தையோ அண்ணனோ கேன்சலில் வர இருந்தால், விமானம் ஏறுமுன் என்னென்ன தாள்களைக் கேட்டு வாங்க வேண்டும், புரியாத எதில் கையெழுத்திடக் கூடாது என்று நான் ஒரு பட்டியல் எழுதி வைத்திருக்கிறேன். பணிச்சான்று, கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, ஒவ்வொரு ஒப்பந்தத்தின் நகல், மருத்துவ அறிக்கைகள் ஆகியன அதில் முதலில் வருவன. வெள்ளிக்கிழமை பிற்பகலில் நாட்டு நலப்பணித் திட்ட அறையில் இருப்பேன். மனு எழுத வேண்டுமாயினும் வரலாம். கடவுச்சீட்டு நகலை மறக்காமல் கொண்டு வரவும்.